காசு புழங்காத பந்தயம்: கணக்கு எழுதுபவருக்கு

நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் ஆடுகிறது என்றால், அன்று திண்டுக்கல்லின் பேகம்பூரில் தோல் ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் பிரியாணிக் கடைக் கல்லாவிலும் ஒரே கேள்விதான்: இன்றைக்கு யார்? பேச்சு சூடு பிடித்ததும் யாராவது ஒருவர் யோசனை சொல்வார். “காசு வேண்டாம். ஆளுக்கு ஆயிரம் பாயிண்ட். சீசன் முடியும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் கில்லாடி.” எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்கு எழுதும் வேலை ஒருவர் தலையில் விழும்.

இந்தக் கட்டுரை அந்த ஒருவருக்கானது. சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் விதி எழுதுவது, நேரத்துக்குக் கணக்கை முடிப்பது, நண்பனிடம் முகம் பார்த்து “முடியாது” என்பது என எந்த அலுவலகமும் எதிர்பார்க்கும் மூன்று திறமைகளை ஒரே சீசனில் கற்றுத்தரும் வேலை. அதைச் சரியாகச் செய்ய வேண்டும். பிசகினால் இது சூதாட்டமாக மாறிவிடும். தண்டனையும் உங்களுக்குத்தான் வரும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது; சட்டம் நிலைத்தது. பிறகு 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஓரங்கட்டியது. காசையோ காசுக்கு ஈடான ஒன்றையோ கட்டி, வென்றால் லாபம் வரும் என்ற எதிர்பார்ப்போடு இணையத்தில் ஆடினால் அது பண விளையாட்டு. அவ்வளவுதான் அளவுகோல். காசு கொடுத்து வாங்கிய மெய்நிகர் நாணயமும் டோக்கனும் ‘காசுக்கு ஈடானது’ என்ற வரையறைக்குள் வருகின்றன. அப்படி ஒரு விளையாட்டை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம் வரை. அந்தச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவரைத்தான் தேடி வருகிறது. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 நிறுவனமே அந்த வாரத்தில் பணப் போட்டிகளை நிறுத்தியது, சட்டையிலிருந்தும் விலகியது.

அதனால் உங்கள் முதல் விதியை நோட்டின் முதல் பக்கத்தில், எல்லோர் கையெழுத்தோடும் எழுதுங்கள்: பாயிண்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது, காசாக மாற்ற முடியாது, ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய்கூட வேண்டாம். “தோற்றவன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரணும்” என்ற செல்லப் பேச்சும் வேண்டாம், பிரியாணியும் பணயம்தான். பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால், ஆண்டுதோறும் கைமாறும் ஒரு ஷீல்டு போதும். அதையும் ஆடுபவர்களிடம் வசூலித்து வாங்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பாயிண்டுக்கு ஒரு ரூபாய் என்று தனியாகத் தீர்த்துக்கொள்வது தெரிந்தால், இருவரையும் அன்றே நீக்குங்கள். எச்சரிக்கை கொடுத்துக் காத்திருக்கும் இடமல்ல இது.

பேகம்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியில், பெரிய பள்ளிவாசலைச் சுற்றி வாழ்பவர்களில் பலருக்குச் சூது ஹராம். காசு இல்லை என்றாலும் ‘பந்தயம்’ என்ற பெயரே மனத்துக்கு ஒவ்வாது என்று ஒருவர் ஒதுங்கினால், வற்புறுத்தாதீர்கள், கேலி செய்ய விடாதீர்கள். கூட வேலை செய்பவரை அவருடைய மார்க்கத்துக்கும் நட்புக்கும் இடையில் நிறுத்துவது தவறு. அப்படிப்பட்டவர்களும் மனம் ஒப்பிச் சேரக்கூடிய வேறொரு முறை இருக்கிறது. கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

ரேட் யார் போடுவது?

புதிதாக நடத்துபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். டிராகன்ஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்றரை, எதிரணி ஜெயித்தால் ஒன்றுக்கு மூன்று என்று தாங்களே ரேட் போட்டுவிடுவார்கள். உங்கள் கணிப்பு தவறினால் கொடுக்க வேண்டிய பாயிண்ட் எங்கிருந்து வரும்? காற்றிலிருந்து உண்டாக்க வேண்டும். இரண்டு வாரத்தில் எல்லோரிடமும் ஐயாயிரம், பத்தாயிரம் என்று குவிந்து, பாயிண்டுக்கு மதிப்பே போய்விடும்.

அதற்குப் பதில் குதிரைப் பந்தயத் திடல்களில் நெடுங்காலமாக இருக்கும் டோட்டலைசர் முறையைப் பிடியுங்கள். எல்லோரும் போட்டது ஒரே குடத்தில். வென்றவர்கள் தங்கள் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். டிராகன்ஸ் மீது மொத்தம் 1,200, எதிரணி மீது 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் 1,500. டிராகன்ஸ் வென்றால் 1,500ஐ 1,200ஆல் வகுத்து, ஒரு பாயிண்டுக்கு 1.25. எதிரணி வென்றால் 1,500ஐ 300ஆல் வகுத்து, ஒரு பாயிண்டுக்கு 5. நூறு போட்டவருக்கு முதல் வகையில் 125, இரண்டாம் வகையில் 500. ரேட்டைக் கூட்டமே போடுகிறது. நீங்கள் வகுத்தல் மட்டும் செய்கிறீர்கள். “ரேட்டைக் குறைச்சுட்ட” என்று உங்களிடம் யாரும் சண்டைக்கு வர முடியாது.

இந்த முறையின் பெரிய வசதி, கணக்கு தானே டேலி ஆகும். ஆட்டத்துக்கு முன் எல்லோர் கையிலும் இருந்த மொத்தமும் ஆட்டத்துக்குப் பின் இருக்கும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பாயிண்ட் இடித்தாலும் எங்கோ பிழை. வகுத்தலில் வரும் பின்னங்களைக் கீழ்நோக்கி முழுமையாக்கி, மிச்சத்தை ‘மீதம்’ என்று ஒரு தனி வரியில் எழுதுங்கள். நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ பெயர், ஆட்டம், தேர்வு, போட்ட பாயிண்ட், போட்ட நேரம், வரவு, மீதி ஆகிய கட்டங்கள் போதும். ஷீட்டை எல்லோரும் பார்க்கலாம், நீங்கள் மட்டும் திருத்தலாம் என்று வையுங்கள்.

சொந்த ஊர்ப் பாசம் ஒரு சிக்கல். எல்லோருமே டிராகன்ஸ் மீது போட்டால் போட்டதுதான் திரும்ப வரும்; ஆட்டம் சப்பென்று போய்விடும். டிராகன்ஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டி.என்.பி.எல்.) 2024 இறுதி ஆட்டத்தில் அஸ்வின் தலைமையில் கோவை கிங்ஸை வீழ்த்திக் கோப்பை வென்ற அணி. அதே அணி 2025 இறுதியில், இதே நத்தம் மைதானத்தில், திருப்பூர் தமிழன்ஸிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அப்படி ஒரு நாளில் திருப்பூர் மீது துணிந்து போட்ட ஒருவர் இருந்தால் அவரே குடத்தை அள்ளியிருப்பார். ஆனால் அந்த ஒருவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதனால் “யார் ஜெயிப்பார்” என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேருங்கள்: முதல் இன்னிங்ஸ் 160ஐத் தாண்டுமா? பவர்பிளேயில் எத்தனை விக்கெட்? இந்தக் கேள்விகளில் பாசத்துக்கு வேலை இல்லை. கிரிக்கெட் அறிவு வெளியே வரும்.

ஒரு ஆட்டத்தில் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்பு வையுங்கள். முதல் நாளே மொத்தத்தையும் போட்டுத் தோற்றுவிட்டு, சீசன் முழுக்க வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இதனால் இருக்க மாட்டார்கள்.

காசு இல்லாவிட்டால் யாரும் அக்கறையாகக் கணிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. அமெரிக்கக் கால்பந்தின் 2003 சீசன் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, உண்மைப் பணம் புழங்கிய ஒரு கணிப்புச் சந்தையையும் விளையாட்டுப் பணம் மட்டும் புழங்கிய இன்னொன்றையும் ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டின் துல்லியத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாலு பேர் முன்னால் தான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்ற ரோஷமே போதுமானதாக இருக்கிறது.

மழை வந்தால்?

தகராறு அத்தனையும் வழக்கமில்லாத ஆட்டங்களில்தான் வரும். அந்த ஆட்டங்கள் நடக்கும் முன்பே விதி எழுதிவிட வேண்டும். 2019 ஜூலை 14 லார்ட்ஸ் உலகக் கோப்பை இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் டை, சூப்பர் ஓவரும் டை, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை. “நியூசிலாந்து தோற்கவில்லை” என்று ஒருவர் நின்றால் என்ன சொல்வீர்கள்? உங்கள் விதி இப்படி இருக்கட்டும்: போட்டியை நடத்தும் அமைப்பு யாரை வெற்றியாளர் என்று அறிவிக்கிறதோ அவரே வெற்றியாளர், டக்வொர்த் லூயிஸ் கணக்கும் சூப்பர் ஓவரும் இதில் அடக்கம்.

2023 ஐ.பி.எல். இறுதி மே 28ஆம் தேதி நடக்க வேண்டியது. மழையால் மறுநாளுக்குப் போய், நள்ளிரவு தாண்டி முடிந்தது. பதினைந்து ஓவரில் 171 என்று இலக்கு மாறி சென்னை வென்றது. போட்ட பாயிண்ட் மறுநாளுக்கும் செல்லுமா? ரிசர்வ் நாள் என்று முன்பே அறிவித்திருந்தால் செல்லும் என்று எழுதுங்கள். 2025 மே 8 தர்மசாலா ஆட்டம் வேறு வகை. பஞ்சாபும் டெல்லியும் ஆடிக்கொண்டிருந்தபோது எல்லைப் பதற்றத்தால் பாதியில் கைவிடப்பட்டு, பிறகு ஜெய்ப்பூரில் மே 24ஆம் தேதி முதலிலிருந்து ஆடப்பட்டது. கைவிடப்பட்ட ஆட்டத்துக்குப் போட்டதைத் திருப்பிக் கொடுங்கள். மறு ஆட்டத்தைப் புது ஆட்டமாக எழுதுங்கள். விதியில் இல்லாத ஒன்று நடந்துவிட்டால், எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்திலிருந்து புது விதி. நடந்து முடிந்த ஆட்டத்துக்குப் பின்னோக்கி விதி எழுதவே கூடாது.

பாயிண்ட் போடக் கடைசி நேரம் எது? பலரும் டாஸ் என்பார்கள். ஐ.பி.எல். இரவு ஆட்டத்துக்கு டாஸ் ஏழு மணிக்கு. 2025 சீசன் மார்ச் 22ஆம் தேதி தொடங்கியபோது ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஆறரை மணி வாக்கில் நோன்பு திறந்து, தொழுகைக்குப் போகிறவர் ஏழு மணிக்கு போனைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அத்தகைய நாட்களில் மாலை ஐந்தரைக்கே கணக்கை மூடுங்கள். ஷிப்டில் இருப்பவருக்கும் அது வசதி. டிரம் சுழலும் இடத்திலும் பிரஸ் அடிக்கும் இடத்திலும் போன் கையில் இருக்கக்கூடாது என்பதை விதியாகவே எழுதுங்கள். ஒரு விரல் எந்த ரேட்டையும்விடப் பெரியது. முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ முன்பே சொல்லிவிடுங்கள். அவரும் சேர்ந்தால் எல்லோருக்கும் உள்ள விதிதான் அவருக்கும்.

நீங்கள் ஆடாதீர்கள்

கணக்கு எழுதுபவர் ஒரு பாயிண்ட்கூடப் போடக்கூடாது. எல்லோர் தேர்வும் உங்களுக்கு முன்பே தெரியும். நேர்மையாக ஆடினாலும் சந்தேகம் நிற்கும். டி.என்.பி.எல்.லிலோ மாவட்ட லீக்கிலோ ஆடுபவர், மைதானத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோரையும் சேர்க்காதீர்கள். 2019இல் டி.என்.பி.எல். வீரர்கள் சிலருக்கு அறிமுகமில்லாதவர்களிடமிருந்து வாட்ஸ்ஆப் செய்திகள் வந்ததை கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. பிட்ச் பற்றியோ காயம் பற்றியோ நட்பாகக் கேட்கும் ஒரு வார்த்தை, ஊர்ப் பையன் ஒருவனின் கிரிக்கெட் வாழ்க்கையைக் கெடுத்துவிடக் கூடும்.

குழு ஐம்பது பேரைத் தாண்டியதும் உங்களுக்கு ஒரு அழைப்பு வரலாம். “இந்த லிங்க்கைப் போடுங்கள், சேரும் ஒவ்வொருவருக்கும் கமிஷன்” அல்லது “ஒரு பேனல் எடுத்துக்கொள்ளுங்கள்.” மகாதேவ் என்ற பந்தயச் செயலி அப்படித்தான் ஊர் ஊராகப் பேனல், அதாவது கிளை உரிமை, கொடுத்து வளர்ந்தது; 2023 நவம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 22 செயலிகளையும் தளங்களையும் முடக்கியது. கமிஷனுக்கு லிங்க் போடுவது விளம்பரக் குற்றம், பேனல் எடுப்பது நடத்தும் குற்றம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, உங்களை நம்பி விளையாட வந்தவரை நீங்களே கடனுக்குள் தள்ளுவது. இணையச் சூதாட்டத்தில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மாநிலச் சட்டம் அந்த மரணங்களுக்குப் பிறகே வந்தது. அழைப்பை மறுத்து, எண்ணைத் தடை செய்து, குழுவிலும் சொல்லிவிடுங்கள்.

கண்காணிக்க வேண்டிய ஆட்களும் உண்டு. பாயிண்ட் குறைந்ததும் இரவு பதினொரு மணிக்குக் கெஞ்சுபவர், தோற்றதும் வேலையில் எரிந்து விழுபவர், “இதில் த்ரில் இல்லை, ஆப்பில் போடலாம்” என்பவர். தனியாக அழைத்துப் பேசுங்கள். தேவைப்பட்டால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104ஐயோ கொடுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம்.

பந்தயமே வேண்டாம் என்பவர்களுக்கு

முன்பு சொன்ன வேறு முறை இதுதான். வானிலைக் கணிப்பைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் ஒரு அளவுகோல் தந்தார். இதில் பணயம் இல்லை, குடம் இல்லை, ஒருவர் இழந்து இன்னொருவர் பெறுவதும் இல்லை. டிராகன்ஸ் வெல்ல 70 சதவீதம் என்று நீங்கள் எழுதித் தருகிறீர்கள். வென்றால் உங்கள் பிழை 0.3இன் வர்க்கம், அதாவது 0.09. தோற்றால் 0.7இன் வர்க்கம், 0.49. எப்போதும் 50 என்று எழுதுபவருக்கு 0.25. சீசன் முடிவில் சராசரிப் பிழை குறைந்தவர் முதலிடம். வாய்க்கு வந்தபடி “கண்டிப்பா ஜெயிக்கும், நூறு சதவீதம்” என்பவருக்கு ஒரே ஒரு தோல்வி முழு 1ஐக் கொண்டுவந்து சேர்க்கும். பேகம்பூரில் தொடங்குவதென்றால் நான் இதையே முதலில் தேர்ந்தெடுப்பேன்.

இந்த வேலையை நேர்காணலில் சொல்லலாமா? சொல்லலாம், மறைக்காமல். “பணம் இல்லாத கிரிக்கெட் கணிப்புப் போட்டியை நாற்பது பேருக்கு ஒரு சீசன் நடத்தினேன். விதிகளை எழுதினேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலை கணக்கை வெளியிட்டேன், தகராறுகளை எழுத்தில் தீர்த்தேன்.” உங்கள் எண்ணிக்கையை உள்ளபடி போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவுக்கும் எம்.ஐ.எஸ். வேலைக்கும் ஷீட்டைத் திறந்து காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம். புள்ளிவிவரத்தில் மனம் போனால், மாவட்ட லீக் ஆட்டங்களில் ஸ்கோரருக்குத் துணையாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதப் பழகுங்கள். சீசன் முடிந்த மறுநாளே இறுதிக் கணக்கை எல்லோருக்கும் அனுப்பி, ஆட்சேபத்துக்கு மூன்று நாள் கொடுத்து, எல்லோர் பாயிண்டையும் பூஜ்யமாக்கிவிட்டு, அடுத்த சீசனுக்கு நோட்டை வேறொருவர் கையில் கொடுங்கள். அந்த சீசனில் நீங்களும் ஆடலாம்.