வித்துப் பரம்பலும் காலநிலை வலயங்களும்: இலங்கையின் சுதேச தாவரங்கள்

மாணவர்களே, வித்துப் பரம்பல் என்றதும் காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என நான்கு சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவது எமது வழக்கம். அதற்குக் கிடைக்கும் புள்ளிகள் மிகக் குறைவு. "இத்தாவரம் ஏன் இவ்விடத்தில் மட்டும் காணப்படுகின்றது?" என்று கேட்டால் பலர் தடுமாறுவர். விஞ்ஞானப் பாடத்தில் கற்ற பரம்பலையும் புவியியலில் கற்ற காலநிலை வலயங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் இவ்வினா மிக இலகுவானது.

1. அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

சுதேச தாவரம்: மனிதரால் கொண்டுவரப்படாமல் ஒரு நாட்டில் இயற்கையாகவே வளரும் தாவரம். இது வேறு நாடுகளிலும் இயற்கையாக வளரலாம். (உதாரணம்: பாலை)

நாட்டுக்கேயுரிய தாவரம்: இயற்கையாக ஒரு நாட்டில் மட்டும் காணப்படுவது. (உதாரணம்: ஹொர) இலங்கையின் சுதேச பூக்குந்தாவர இனங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானவை இத்தகையன.

காலநிலை வீச்சு: ஓர் இனம் முளைத்து, வளர்ந்து, மீண்டும் வித்துகளை உருவாக்கக்கூடிய வெப்பநிலை, மழைவீழ்ச்சி என்பவற்றின் எல்லைகள்.

2. இலங்கையின் காலநிலை வேறுபாடு

இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் மட்டுமே. எனினும் இச்சிறிய தீவினுள் பல காலநிலைகள் உள்ளன.

• ஈர வலயம்: வருடாந்த மழைவீழ்ச்சி 2500 மி.மீ. இலும் கூடியது.
• இடை வலயம்: 1750 – 2500 மி.மீ.
• உலர் வலயம்: 1750 மி.மீ. இலும் குறைந்தது.

மழைவீழ்ச்சியைப் போலவே உயரமும் முக்கியமானது. 1000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 °C குறையும். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 °C ஆகவும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 °C ஆகவும் இருப்பதற்கு இதுவே பிரதான காரணம்.

3. பரம்பல் முறைகளும் இலங்கை உதாரணங்களும்

(அ) காற்று
ஹொர மரம் ஈர வலயத் தாழ்நிலக் காடுகளுக்கு உரியது. அதன் பழத்தில் இரண்டு புல்லிகள் நீண்டு வளர்ந்து சிறகுகளாகின்றன. பழம் சுழன்று சுழன்று விழும். சிறகு இருப்பதால் இது வெகுதூரம் பறக்கும் என எண்ணவேண்டாம். பழம் பாரமானது, அடர்ந்த காட்டினுள் காற்றும் குறைவு. ஆகவே பெரும்பாலானவை தாய் மரத்துக்கு அண்மையிலேயே விழுகின்றன. இதன் வித்து உலர்ந்தால் விரைவில் முளைதிறனை இழந்துவிடும். ஈரமான மண்ணில் விழுந்து உடனே முளைக்க வேண்டும். எனவே ஹொர உலர் வலயத்துக்குப் பரவுவது கடினம்.

கடற்கரை மணலில் வளரும் இராவணன் மீசையை நீங்கள் கண்டிருப்பீர்கள். முட்கள் போன்ற உருண்டையான அதன் காய்த்தலை, காற்றடிக்கும்போது மணலின் மேல் உருண்டோடும். திறந்த வெளியான கடற்கரைக்கு மிகப் பொருத்தமான முறை இது.

(ஆ) நீர்
புத்தளம், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய களப்புகளின் ஓரங்களில் கண்டல் தாவரங்கள் உள்ளன. அவற்றுள் சில இனங்களில் வித்து தாய் மரத்தில் இருக்கும்போதே முளைக்கின்றது. முருங்கைக்காய் போலத் தொங்கும் இந்நாற்று சேற்றில் விழுந்து ஊன்றும். அல்லது நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் வேரூன்றும். உவர்நீரும் சேறும் உள்ள இடத்தில் சாதாரண வித்து முளைப்பது கடினம் என்பதால் இது ஒரு சிறந்த இசைவாக்கம்.

(இ) விலங்குகள்
வன்னியில் உள்ளவர்களுக்குப் பாலைப்பழத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாலை உலர் வலயக் காட்டின் பிரதான மரங்களுள் ஒன்று. பழம் பழுக்கும் காலத்தில் மனிதருக்கு முன்னரே கரடி, குரங்கு, பறவைகள் என்பன மரத்துக்கு வந்துவிடும். சதை சமிபாடடைய, கடினமான உறையுடைய வித்து எச்சத்துடன் வேறோர் இடத்தில் வெளியேறும். இவ்வாறே விளாம்பழத்தை யானை உண்டு அதன் வித்துகளைப் பரப்புகின்றது.

(ஈ) வெடித்தல்
ஹோட்டன் சமவெளி போன்ற மலைக்காடுகளில் நெலு என்னும் செடிகள் வளர்கின்றன. இவற்றின் காய் காய்ந்ததும் வெடித்து வித்துகளை வீசும். ஆனால் வித்துகள் சில மீற்றர் தூரமே செல்லும். மேலும் சில நெலு இனங்கள் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒரு முறையே பூத்துக் காய்த்து, பின்னர் இறந்துவிடுகின்றன. இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

4. இரண்டு நிபந்தனைகள்

ஒரு தாவரம் ஓரிடத்தில் நிலைபெற வேண்டுமாயின்,
1. அதன் வித்து அவ்விடத்தை அடைய வேண்டும்.
2. அவ்விடத்தின் காலநிலை அதன் காலநிலை வீச்சினுள் அமைய வேண்டும்.
இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தாவரம் நிலைபெறாது.

இதற்கு எமது கறுவா நல்ல சான்று. கறுவாப் பழத்தைப் பறவைகள் உண்டு வித்துகளைப் பரப்புகின்றன. இந்து சமுத்திரத்தில் உள்ள சீசெல்ஸ் தீவுகளின் வெப்பமும் மழையும் கறுவாவுக்கு ஏற்றவை. எனினும் அங்கு கறுவா இருக்கவில்லை. இடையில் உள்ள பெருங்கடலைக் கடந்து அதன் வித்து போய்ச் சேரவில்லை. 18 ஆம் நூற்றாண்டில் மனிதர் அங்கு கறுவாவைக் கொண்டு சென்று நட்டனர். அதன் பின்னர் பறவைகள் அதனை மலைக்காடுகள் எங்கும் பரப்பிவிட்டன. இன்று அங்கு கறுவா ஓர் ஆக்கிரமிப்புத் தாவரம். இரண்டாம் நிபந்தனை முன்பே இருந்தது. முதலாவது நிபந்தனையை மனிதர் நிறைவேற்றினர். சொந்த நாட்டில் சுதேச தாவரமாக இருப்பது வேறொரு நாட்டில் ஆக்கிரமிப்புத் தாவரமாகலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. காலநிலை மாறினால் என்ன நிகழும்?

புவி வெப்பமடையும்போது ஒவ்வோர் இனத்துக்கும் ஏற்ற காலநிலை மலையில் மேல்நோக்கி நகரும். எவ்வளவு தூரம் எனக் கணிப்போம்.

1000 மீற்றருக்கு 6.5 °C எனின், 1 °C இற்கு 1000 ÷ 6.5 = ஏறத்தாழ 154 மீற்றர்.

அதாவது வெப்பநிலை 1 °C அதிகரித்தால், அதே குளிரில் வாழ ஒரு தாவரம் ஏறத்தாழ 154 மீற்றர் மேலே செல்ல வேண்டும். தாவரம் நடக்காது, வித்துத்தான் செல்ல வேண்டும்.

இப்போது நெலுவுக்கு வருவோம். வித்து ஒரு முறை 5 மீற்றர் மேல்நோக்கி வீசப்படுகின்றது எனக் கொள்வோம். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை காய்த்தால் 120 ஆண்டுகளில் 10 தடவைகள். ஆகவே 10 × 5 = 50 மீற்றர். நிலத்தின் வழியே அளக்கும் இத்தூரம் முழுவதும் உயரமாகவே அமைந்தாலும் 154 மீற்றரை எட்டாது. மழைநீர் வித்தை அடித்துச் சென்றாலும் கீழ்நோக்கியே கொண்டு செல்லும்.

அடுத்து மலையின் எல்லையைப் பாருங்கள். ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2524 மீற்றர். இதற்கு மேல் இத்தீவில் நிலமே இல்லை. தாழ்நிலத் தாவரத்துக்கு மேலே செல்ல மலை உண்டு. மலையுச்சித் தாவரத்துக்கோ செல்ல இடமில்லை. தீவின் எல்லை கடல் மட்டுமன்று, மலையுச்சியும்தான். இலங்கையில் மட்டும் உள்ள ஓர் இனம் இங்கு அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும்.

6. இடையில் உள்ள தடைகள்

19 ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பெருமளவில் அழிக்கப்பட்டன. எஞ்சிய காடுகள் துண்டு துண்டாகத் தோட்டங்களுக்கும் வீதிகளுக்கும் இடையே உள்ளன. ஹொரப் பழம் இவற்றைக் கடந்து அடுத்த காட்டுக்குச் செல்வது அரிது. விலங்குகளால் பரம்பும் வித்துகளுக்கும் இதே நிலைதான். கரடியும் யானையும் இல்லாத காட்டில் மரம் நின்றாலும் வித்து பெரும்பாலும் அடியிலேயே விழுந்து கிடக்கும்.

எனவே, மரத்தை மட்டுமன்றி வித்தைக் கொண்டு செல்லும் விலங்கையும் அது செல்லும் வழியையும் பாதுகாக்க வேண்டும். காடுகளை இணைக்கும் ஒடுக்கமான காட்டுப் பாதைகள் இதனாலேயே அவசியமாகின்றன. சிங்கராஜ வனம் 1988 இலும் மத்திய மலைநாடு 2010 இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

7. மாணவர்கள் விடும் தவறுகள்

• மகரந்தச் சேர்க்கையையும் வித்துப் பரம்பலையும் ஒன்றெனக் கருதுதல். முன்னையது கருக்கட்டலுக்கு முன்னர். பின்னையது வித்து உருவான பின்னர்.
• சுதேச தாவரம் அனைத்தும் நாட்டுக்கேயுரியது என எழுதுதல்.
• உதாரணம் எழுதி, வித்தின் இசைவாக்கத்தை எழுதாது விடுதல். "பாலை – விலங்கு" என்பது போதாது. "சதைப்பற்றான பழம், கடினமான வித்துறை" எனவும் எழுதுங்கள்.

8. பயிற்சி வினாக்கள்

(1) ஹொர, பாலை ஆகியவற்றின் பரம்பல் முறையையும் இசைவாக்கத்தையும் ஒப்பிடுக.
(2) வெப்பநிலை 2 °C அதிகரித்தால் ஓர் இனத்துக்கு ஏற்ற காலநிலை எவ்வளவு உயரத்துக்கு நகரும்?
(3) மலையுச்சியில் வாழும் நாட்டுக்கேயுரிய தாவரங்கள் அதிக ஆபத்தை எதிர்நோக்குவதற்கான காரணங்கள் மூன்று தருக.

விடைக் குறிப்பு
(1) பகுதி 3 (அ), (இ) பார்க்க.
(2) 2 × 154 = ஏறத்தாழ 308 மீற்றர்.
(3) மேலும் உயரமான நிலம் இன்மை, வித்துகள் குறுகிய தூரமே பரம்புதல், காடுகள் துண்டாடப்பட்டிருத்தல்.

அடுத்த முறை பாலைப்பழம் உண்ணும்போது வித்தைக் குப்பைக் கூடையில் போடாமல் மண்ணில் போடுங்கள். பரம்பல் காரணிகளுள் மனிதரும் ஒருவர் அல்லவா?