அரக்கில் ஊற்றிய ஸ்பிரிட்

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தொடங்கும்போது வேறு வாத்தியமே கிடையாது. டிரம்பெட் மட்டும் தன்னந்தனியாக, எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல், பன்னிரண்டு விநாடி போல ஏறி இறங்கும். 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவானது. ஜாஸில் ஒற்றை ஆள் வாசிப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் காட்டுவேன். என்னிடம் இருக்கும் 78 ரிக்கார்டில் அந்தப் பன்னிரண்டு விநாடி இல்லை. என் கையாலேயே அழித்தேன்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் இருந்தார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது, பன்னிரண்டு ரிக்கார்டுகளை ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “வெச்சுக்கோ மேன், நீதான் கேப்பே” என்றார். என் மைத்துனர் அன்றே, “பேப்பர்காரன்கிட்ட போட்டுடுங்க மாமா, இடத்தை அடைக்குது” என்றார். அவர் வீட்டில் இன்று ஓடாத டிரெட்மில் ஒன்று ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இரண்டு மழைக்காலம் பரணில் இருந்ததில் ரிக்கார்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. எல்.பி. ரிக்கார்டுகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் பழக்கம் எனக்கு. அவை வினைல், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் 78 ஆயிற்றே என்று, எனக்கு வழக்கமாக ரிக்கார்டு விற்கும் கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார். ஸ்பிரிட் போட்டுத் தேயுங்க, பளிச்சுன்னு ஆயிடும்” என்றார். முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவர். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் தினத்தாளை விரித்து, பழைய வேட்டித் துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’தான் முதலில். வெளி விளிம்பில் ஸ்பிரிட்டை ஊற்றி வட்டமாகத் தேய்த்தேன். துணி மையாகக் கறுத்தது. எண்பது வருஷத்து அழுக்கு என்று நினைத்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பு வர வர இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பதினொரு ரிக்கார்டுகளை அப்படித் துடைத்து முடித்தபோது பாட்டில் காலியாகிவிட்டது. பன்னிரண்டாவது தப்பியது அதனால்தான்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், தட்டுகளில் பளபளப்பு போய், ஈரம் காய்ந்த சிலேட்டு மாதிரி வெளிறிக் கிடந்தன. ஊசியை வைத்தேன். அப்பளம் பொரிகிற சத்தம். அதற்கடியில் எங்கேயோ ஒரு டிரம்பெட். ஸ்பிரிட் முதலில் விழுந்தது வெளி விளிம்பில். பாட்டு தொடங்குவதும் அங்கேதான். உள்பக்கம் அவ்வளவாகத் தேய்க்காததால், ஏர்ல் ஹைன்ஸின் பியானோ மட்டும் ஓரளவு தெளிவாகக் கேட்கிறது.

விஷயத்தை விளக்கியது ஒரு தச்சர். கட்டிலுக்குப் பாலிஷ் போட வந்தவர், அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக்கொண்டே அந்த ரிக்கார்டை விரலால் தட்டிப் பார்த்தார். “இதுவும் அரக்குதானே சார்? அரக்கு ஸ்பிரிட்ல கரையாம என்ன பண்ணும்?” என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்து 78 தட்டு என்பது, கல்பொடியையும் கரிப்பொடியையும் அரக்கால் பிணைத்து அச்சில் அழுத்தியது. துணியில் நான் பார்த்த கறுப்பு அழுக்கல்ல, ரிக்கார்டேதான்.

ஆகவே லேபிளில் 78 என்று இருந்தாலோ, தட்டு கனமாக இருந்து தட்டினால் ஓட்டுச் சில்லு போல ஒலித்தாலோ, ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். இந்தியாவில் அறுபதுகளின் பிற்பாதி வரை 78 வந்துகொண்டிருந்தது. உங்கள் தாத்தா வாங்கிய எம்.கே.டி. ரிக்கார்டுக்கும் இது பொருந்தும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய பிரஷ், லேபிள் நனையக் கூடாது, உடனே ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்: நிறுத்தி அடுக்குவது, வெயில் படாமல் வைப்பது, 78-க்கு அகலமான ஊசி போடுவது. யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். நான் கொடுப்பதில்லை, அதற்காக என்னோடு பேச்சை நிறுத்திய நண்பர் ஒருவர் உண்டு. பரவாயில்லை.

“எல்லாம் போன்லயே இருக்கே” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் விடிகாலையில் ஒரு எல்.பி.யின் ஒரே ஒரு பக்கம் கேட்பேன். இருபது நிமிஷம், கையில் வேறு வேலை இல்லாமல். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னிடம் இரண்டு இருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 1959-ல் அதன் முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் ரிக்கார்டில் சுருதி ஒரு துளி ஏறிப்போயிற்று. 1992-ல்தான் திருத்தி வெளியிட்டார்கள். திருத்தியது ஒன்று, திருத்தாதது ஒன்று. மாற்றி மாற்றிக் கேட்டால் ‘ஸோ வாட்’டின் நிறமே வேறாகத் தெரியும். ஓடிக்கொண்டே காதில் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு அது பிடிபடாது.

தப்பிய அந்தப் பன்னிரண்டாவது ரிக்கார்டு, பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு கல்கத்தாவில் பதிவு செய்தது. 1926-ல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவின் ரிக்கார்டில் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தவர் அவர். அதே ஆண்டு ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஷாங்காய், பம்பாய் என்று வாசித்து, 1945-ல் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார். ஆம்ஸ்ட்ராங் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி கிடைப்பார். வெதர்ஃபோர்டு உலகப் போர்க் காலத்தில் இங்கே பதிந்தவை அப்படிக் கிடைப்பவை அல்ல.

பெரம்பூரிலோ அரக்கோணத்திலோ ஜோலார்பேட்டையிலோ ரயில்வே குவார்ட்டர்ஸ் காலி செய்த வீடுகளில் அவை இன்னும் இருக்கலாம். கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைக்கவும் வேண்டாம், தூசியோடேயே இருக்கட்டும்.