கடைசி பஸ்ஸிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

சொந்த வாகனம் இல்லாத வியாபாரிக்கு ஒரு பயணப் பாடம்

வியாபாரச் செலவு எவை என்று கேட்டால் கடை வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம், கடன் தவணை என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். பயணச் செலவை மட்டும் பெரும்பாலானோர் கணக்கேட்டில் எழுதுவதில்லை. "கொழும்புக்குப் போய் வந்தேன்" என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் எஹலியகொடையில் இருந்துகொண்டு புறக்கோட்டையில் சரக்கு எடுப்பவருக்கும், பேருவளையில் மாணிக்கக்கல் விற்பவருக்கும், கண்டியில் நிலுவைப் பணம் அறவிடப் போகிறவருக்கும் பயணம் என்பது இலாபத்தை நேரடியாகத் தின்னும் ஒரு செலவாகும்.

வேனை வாடகைக்கு அமர்த்தினால் பணம் போய்விடும். பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் பணம் மிஞ்சும். ஆனால் திட்டமில்லாமல் போனால் நாள் போய்விடும். இரண்டும் போகாமல் போய்வருவது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

எமது ஊர் எங்கே நிற்கிறது?

பயணத் திட்டத்தின் முதற்படி, நாம் புறப்படும் இடத்தைச் சரியாக அறிவதாகும். எஹலியகொட கொழும்பு - இரத்தினபுரி ஏ-4 வீதியில், அவிசாவளைக்கும் குருவிட்டைக்கும் இடையில் உள்ளது. இவ்வீதி இரத்தினபுரியோடு நின்றுவிடுவதில்லை. பெல்மதுளை, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று கிழக்குக் கரை வரை சென்று மட்டக்களப்பில் முடிகிறது. ஆகவே இரு திசைகளிலும் பஸ் கிடைப்பது எமக்குள்ள வசதி.

எமக்கு இல்லாதது ரயில். ஒரு காலத்தில் அதுவும் இருந்தது. களனிவெளிப் பாதை என்ற ஒடுங்கிய ரயில் பாதை 1902இல் அவிசாவளையை அடைந்தது. அங்கிருந்து எஹலியகொட ஊடாக 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓபநாயக்கவுக்கும் நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி கைவிடப்பட்டது. 1990களில் இப்பாதை அகலப்படுத்தப்பட்டபோதும் அவிசாவளை வரையே ரயில் வந்தது. எனவே இன்று எமக்கு மிக அண்மையிலுள்ள புகையிரத நிலையம் அவிசாவளைதான். பஸ்ஸில் சிறிது தூரம் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

முதல் விதி: பின்னாலிருந்து எண்ணுங்கள்

பலர் பயணத்தைத் திட்டமிடுவது, "காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது?" என்ற கேள்வியில் இருந்துதான். இது தலைகீழான முறை. காலையில் ஒரு பஸ் தவறினால் அடுத்தது வரும். இரவில் தவறினால் விடியும்வரை எதுவும் வராது. காலைத் தவறு அரை மணி நேரச் செலவு. இரவுத் தவறு ஓர் இரவுச் செலவு. ஆகவே கேள்விகளை இந்த ஒழுங்கில் கேளுங்கள்:

1. நான் போகும் ஊரிலிருந்து வீடு திரும்பக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?
2. அதற்கு முந்திய வண்டி எத்தனை மணிக்கு? (நீங்கள் நம்பியிருக்க வேண்டியது இதைத்தான். கடைசி வண்டி காப்புறுதி மட்டுமே.)
3. அந்த வண்டியைப் பிடிக்க, வேலையை எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?
4. வேலைக்கு எத்தனை மணித்தியாலம் தேவை?
5. அப்படியானால் அங்கே எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்?
6. கடைசியாகவே, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்குரிய நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், அது ஒருநாள் பயணம் அல்ல. உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். திட்டமிட்டுத் தங்குவது மலிவு. அகப்பட்டுத் தங்குவது எப்போதும் விலை கூடியது.

இரண்டாவது விதி: அரிதான வண்டிக்கு முன்னால் இடைவெளி விடுங்கள்

வண்டிகள் இரு வகை. ஒன்று, அடிக்கடி வருபவை. ஏ-4 வீதியில் பகல் நேர பஸ்கள் இவ்வகை. மற்றது, நாளுக்குச் சில தடவைகளே வருபவை. பெரும்பாலான ரயில்களும் தூர இடத்துப் பஸ்களும் இவ்வகை. அடிக்கடி வரும் வண்டியில் போய் அரிதான வண்டியைப் பிடிக்கும் இடத்தில்தான் பயணங்கள் குழம்புகின்றன. அந்த இடத்தில் குறைந்தது அரை மணித்தியாலம் சும்மா இருக்க விடுங்கள். அரிதானதிலிருந்து இறங்கி அடிக்கடி வருவதில் ஏறும்போது இந்த இடைவெளி தேவையில்லை.

களனிவெளி ரயிலுக்கு இன்னுமொரு குணம் உண்டு. அதன் ஓட்டம் பெரும்பாலும் அலுவலக ஊழியர்களின் நேரத்தை ஒட்டியது: காலையில் கொழும்பை நோக்கி, மாலையில் அவிசாவளையை நோக்கி. கோட்டைக்கும் அவிசாவளைக்கும் இடையே சுமார் 60 கிலோமீற்றர். வளைவுகள் மிகுந்த பாதை என்பதால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வேகத்துக்காக இந்த ரயிலைத் தெரிவு செய்ய வேண்டாம். மாலையில் ஹைலெவல் வீதி நெரிசலில் நிற்கும்போது நிச்சயத்துக்காகத் தெரிவு செய்யுங்கள். அவிசாவளை வரை வந்துவிட்டால், இரத்தினபுரிப் பஸ் இல்லாவிட்டாலும் ஓட்டோ பிடித்து வீடு சேரலாம். புறக்கோட்டையில் அகப்பட்டால் அந்த வழி கிடையாது.

ஓர் உதாரணம்: பேருவளைக்குப் போய்வருதல்

எஹலியகொடையில் உள்ள ஒருவர் பேருவளை சீனன்கோட்டையில் கல் காட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை எந்த நாளில், எந்த நேரத்தில் கூடும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தபின்பே பயணத்தைத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆ வேளையில் வியாபாரம் நின்றுவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கொழும்பு ஊடானது. 122ஆம் இலக்க இரத்தினபுரி - கொழும்பு பஸ்ஸில் புறக்கோட்டை சென்று, கோட்டை நிலையத்தில் கரையோர ரயிலில் ஏறலாம். பேருவளை நிலையத்தில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. அதற்கு அப்பாலுள்ள அளுத்கமையில் நிற்பவை அதிகம். அங்கிருந்து காலி வீதியில் பஸ்ஸில் சிறிது தூரம் திரும்பி வந்தால் போதும். காலை நெரிசலில் பஸ் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம், மாறுவதற்கு அரை மணித்தியாலம், ரயிலுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கிட்டால் மொத்தம் ஐந்து மணித்தியாலம். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டுமாயின் ஐந்து மணிக்கு முன்பே புறப்பட வேண்டும்.

இரண்டாவது வழி இரத்தினபுரி ஊடானது. இரத்தினபுரியிலிருந்து இங்கிரிய, ஹொரணை வழியாகப் பாணந்துறைக்குச் செல்லும் ஏ-8 வீதியில் பஸ்ஸில் சென்று, பாணந்துறையில் தெற்கு நோக்கிய ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறலாம். முதலில் எதிர்த் திசையில் போவதுபோலத் தோன்றும். ஆனால் கொழும்பு நெரிசல் முழுவதும் தவிர்க்கப்படுகிறது. திரும்பும்போதும் பிற்பகல் வேளையில் கொழும்புக்குள் நுழைய வேண்டியதில்லை. குறை என்னவென்றால், இரத்தினபுரியிலும் பாணந்துறையிலும் மாற வேண்டும். பாணந்துறையிலிருந்து இரத்தினபுரிக்கு மாலைப் பஸ் எத்தனை மணி வரை உண்டு என்பதைப் போகும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

எது சிறந்தது? ஒரு தடவை ஒரு வழியால் போய் மறு வழியால் திரும்பி, நேரங்களைக் குறித்து வைத்துப் பாருங்கள். ஒரே பயணத்தில் இரண்டு வழிகளும் பரீட்சிக்கப்பட்டுவிடும்.

கல் கொண்டு செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் இன்றிக் கல் வியாபாரம் செய்ய முடியாது. அதன் பிரதியும் தேசிய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஏனைய திசைகள்

காலி, மாத்தறைக்குச் செல்பவர்கள் புறக்கோட்டை வரை போகத் தேவையில்லை. ஹைலெவல் வீதியில் கொட்டாவைக்கு அருகில் மகும்புர பல்வகைப் போக்குவரத்து நிலையம் உள்ளது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலைப் பஸ்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. உங்கள் பஸ் ஹைலெவல் வீதியால் போகிறதா என்று நடத்துனரிடம் கேட்டு ஏறுங்கள். கொழும்புக்குள் போய் மீண்டும் வெளியே வரும் நேரம் முழுவதும் மிச்சமாகும்.

கண்டிக்குச் செல்பவர்களும் கொழும்பை மறந்துவிடலாம். அவிசாவளையிலிருந்து கரவனெல்லை, புளத்கொஹுபிட்டிய ஊடாகக் கேகாலை சென்று, அங்கே கொழும்பு - கண்டி பஸ்ஸில் ஏறலாம். ஹட்டன், நுவரெலியா செல்பவர்களுக்கு அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல ஊடான ஏ-7 வீதி உள்ளது.

பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்கப் பஸ்கள் கொழும்பிலிருந்து எமது வீதியால்தான் செல்கின்றன. ஆனால் அவை எம்மிடம் வரும்போது ஆசனங்கள் நிரம்பியிருக்கலாம். மணிக்கணக்காக நின்றுகொண்டு மலையேறுவதை விட, இரத்தினபுரி பஸ் நிலையம் வரை சென்று, அங்கே இறங்குபவர்களின் இடத்தைப் பிடிப்பதோ, அங்கிருந்தே ஆரம்பிக்கும் பஸ்ஸில் ஏறுவதோ மேலானது.

ஆசனம் பதிவு செய்யக்கூடிய தூர இட ரயில்களுக்குப் பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்தே பதிவு ஆரம்பமாகும். நீண்ட விடுமுறை வரும் வாரங்களில் கடைசி நேரத்தில் ஆசனம் தேடுவது வீண்.

கணக்கைப் பாருங்கள்

பின்வரும் தொகைகள் கணக்கின் முறையைக் காட்டவே தரப்படுகின்றன. உங்கள் தொகைகளை அவ்விடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் புறக்கோட்டையில் 60,000 ரூபாவுக்குச் சரக்கு எடுக்கிறார். நூற்றுக்கு 15 இலாபம் என்றால் கிடைப்பது 9,000 ரூபா. அவர் கடையில் நின்றிருந்தால் உழைத்திருக்கக்கூடிய தொகை நாளொன்றுக்கு 3,000 ரூபா என்று கொள்வோம்.

வேனில் போனால்: வாடகை 16,000, நாளின் பெறுமதி 3,000, மொத்தம் 19,000. முடிவு 10,000 ரூபா நட்டம்.

பஸ்ஸிலும் ரயிலிலும் போய், சரக்கை லொறிச் சேவையில் அனுப்பினால்: கட்டணமும் உணவும் 2,500, லொறிக்கூலி 1,500, நாளின் பெறுமதி 3,000, மொத்தம் 7,000. முடிவு 2,000 ரூபா இலாபம்.

அதே பயணத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால்: தங்குமிடமும் உணவும் 3,500, மறுநாள் காலை கடை மூடிக் கிடந்ததற்கு 3,000, மேலதிகச் செலவு 6,500. முடிவு 4,500 ரூபா நட்டம்.

அதே 60,000 ரூபாச் சரக்கை இரண்டு தடவைகளில் எடுத்தால்: ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டணமும் உணவும் 2,500, லொறிக்கூலி 1,000, நாளின் பெறுமதி 3,000. இரண்டுக்கும் 13,000. முடிவு 4,000 ரூபா நட்டம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. சிறு வியாபாரியின் இலாபம் ஒரு பஸ்ஸைப் பிடிப்பதிலும் தவறவிடுவதிலும் தங்கியிருக்கக் கூடும். இரண்டு பயணங்களை ஒன்றாக்குவது, விலை பேசிக் குறைப்பதை விடவும் பெரிய இலாபமாக இருக்கக் கூடும்.

பஸ் கட்டணங்கள் வழமையாக ஜூலை மாதத்தில் திருத்தப்படுகின்றன. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையேனும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

மழையும் கூட்டமும்

இரத்தினபுரி மாவட்டத்தவருக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் எமது மாவட்டத்தை முடக்கியதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்து சேவைகள் நின்றன. இவற்றிலிருந்து பெறும் பாடம்: பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்படாதீர்கள். ரயில் ஓடுகிறதா என்பதை முதல் நாள் நிலையத்தில் கேளுங்கள். அரச தகவல் நிலையத்தை 1919 என்ற இலக்கத்திலும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.

டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவம். குருவிட்ட, இரத்தினபுரி வழியாக மலையேறுபவர்களால் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் எமது வீதிப் பஸ்கள் நிரம்பி வழியும். போயா நாளில் வங்கியும் மூடியிருக்கும். கொள்வனவுப் பயணத்தை வார நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வாரப் பயிற்சி

ஒரு சிறிய கொப்பியை எடுத்து, நீங்கள் அடிக்கடி செல்லும் மூன்று நகரங்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு விடயங்களைக் குறியுங்கள்: வீடு திரும்பும் கடைசி வண்டியின் நேரம், அதற்கு முந்திய வண்டியின் நேரம், மாற வேண்டிய இடங்கள், வண்டி தவறினால் என்ன வழி. நேரங்களை நேர கணிப்பாளரிடமோ நடத்துனரிடமோ கேட்டு எழுதுங்கள். கேட்ட திகதியையும் பக்கத்தில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தகவலை மீண்டும் விசாரிக்காமல் நம்ப வேண்டாம்.

இந்தக் கொப்பியைக் கடையில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை உங்களுக்குப் பதிலாக உங்கள் மகனோ, கடையில் வேலை பழகும் தம்பியோ போக வேண்டி வரலாம். வழி கேட்டு அலையாமல் அவர் போய், வேலையை முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வர அது உதவும்.