ஓட்டினது யாருன்னு போடலாம், சார்?

அன்புள்ள தம்பி,

இன்சூரன்ஸ் சர்வேயர் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. விபத்துக்குப் பிறகு வண்டிக்காரர்கள் சொல்லும் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருந்தாய்.

அது பழகப் பழக வந்துவிடும். நேற்றுதான் மோதியது என்பார். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, விரிசலுக்குள் மண் படிந்திருக்கும். லாரி இடித்தது என்பார். பள்ளமோ டூவீலர் ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கும். பகலில் நடந்தது, லைட் போடவில்லை என்பார். உடைந்த ஹெட்லைட் பல்பை எடுத்துப் பார்த்தால், எரிந்துகொண்டிருந்த இழை அதிர்ச்சியில் நீண்டு வளைந்திருக்கும். குள்ளமான அப்பா ஓட்டியதாகச் சொல்வார்கள். டிரைவர் சீட் ஆறடி ஆளுக்காகப் பின்னால் தள்ளியிருக்கும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பதிந்த நேரமும் கிளைம் ஃபார்மில் எழுதிய நேரமும் ஒத்துப்போகாது. இரண்டு வருடம் போனால் இதெல்லாம் உன் கண்ணுக்குத் தானே தட்டுப்படும்.

எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. நான் பார்த்த பொய்களில் பெரும்பாலானவை சொல்லவே தேவையில்லாத பொய்கள். உள்ளதைச் சொல்லியிருந்தாலே பணம் வந்திருக்கும். பயந்துபோய் மாற்றிச் சொல்கிறார்கள், மாற்றிச் சொன்னதால் கிளைம் கைவிட்டுப் போகிறது. அந்தப் பயத்தைப் போக்கக்கூடிய முதல் ஆள் நீதான்.

மஞ்சள் போர்டு கார் ஒன்று இடித்துவிட்டது என்று வை. டிரைவரிடம் எல்.எம்.வி. லைசென்ஸ் இருக்கிறது, பேட்ஜ் இல்லை. ஓனர் பதறி, பேட்ஜ் உள்ள மைத்துனர் ஓட்டியதாக எழுதிவிடுகிறார். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வாடகை வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதியும் செய்தது. அந்த டிரைவரின் பெயரையே எழுதியிருந்தால் லைசென்ஸைக் காட்டி யாரும் மறுத்திருக்க முடியாது. இப்போது லைசென்ஸ் சரியாக இருந்தும் பயனில்லை. பொய்த் தகவல் கொடுத்தார் என்பதே மறுக்கப் போதுமான காரணம்.

தேதி விஷயமும் இப்படித்தான். விபத்து நடந்த உடனே தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறது. வீட்டில் கல்யாணம், பத்து நாள் கழித்துத்தான் ஞாபகம் வருகிறது. யாரோ ஒருவர், "நேத்து நடந்ததா போட்டுடுங்க" என்று யோசனை சொல்கிறார். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைமை மறுக்காதீர்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. தாமதத்துக்கு நம்பக்கூடிய காரணம் இருந்தால் போதும். கல்யாண வீட்டு அலைச்சலை உள்ளபடி எழுதித் தந்தால் அதை எடுத்துப் பேச நமக்கும் இடம் இருக்கிறது. தேதியை மாற்றி எழுதிய பிறகு என்ன பேசுவது?

சொந்தக் காரை வாடகைக்கு விட்டது தெரிந்தால் ஒன்றுமே கிடைக்காது என்றும் பயப்படுகிறார்கள். அது விதிமீறல்தான். ஆனாலும் முழுதாக மறுக்காமல், 'நான் ஸ்டாண்டர்டு' அடிப்படையில் ஒரு பகுதியைத் தர வேண்டும் என்று 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போனதும் கேள்வியில் ஆரம்பிக்காதே. உட்கார வைத்து, பாலிசி என்ன தரும், எதைத் தராது என்று முதலில் சொல். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான். கண்ணாடிக்குப் பிடித்தமே இல்லை. தகட்டுக்கு வண்டியின் வயதைப் பார்த்துத் தேய்மானம். ஐந்து வருடம் தாண்டிய காருக்குக் குறைந்தது 40 சதவீதம் போய்விடும். 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். பாலிசி விற்றபோது இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்லி விற்றிருப்பார்கள். வருடா வருடம் பிரீமியம் கட்டியவர் பம்பருக்குப் பாதிப் பணம்தான் என்று பில் வந்த பிறகு கேள்விப்பட்டால், ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். அந்த ஆத்திரத்தில் இருக்கும்போது ஒர்க்ஷாப்காரர், "பின்னாடி டோர்ல இருக்கிற பழைய டென்டையும் இதுலயே சேர்த்துடலாம் சார்" என்றால் தலையாட்டிவிடுவார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. உனக்கும் புரிய வேண்டும். பழைய அடிக்குத் தனிக் கிளைம் உண்டு, அதற்குத் தனிப் பிடித்தமும் உண்டு என்று நீ முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே எழாது.

உண்மை சொன்னால் பணம் போய்விடும் இடமும் உண்டு. அதை மறைத்து உனக்கு எழுத மாட்டேன். குடித்துவிட்டு ஓட்டியது அப்படி ஒன்று. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவரிடம் மதுவாடை அடித்ததை மருத்துவ அறிக்கை பதிந்திருந்தது. ரத்தத்தில் அளவு எவ்வளவு என்று பார்க்கவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்டக் கணக்கு நிரூபணமாகாவிட்டாலும், மற்றச் சூழ்நிலைகளை வைத்தே கம்பெனி மறுத்தது சரி என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில்தான், "ஓட்டினது யாருன்னு போடலாம், சார்?" என்ற கேள்வி வரும். அதைக் கேட்டதும் உனக்கு விஷயம் விளங்கிவிடும். பெரும்பாலும் சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர் அங்கேயே ஓரமாக நிற்பார். "நீ ஓட்டினேன்னு சொல்லிடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அவரிடம் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். விபத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால் கிரிமினல் கேஸ் அந்த மனிதர் தலையில் விழும். வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதும் அவர்தான். அவருடைய லைசென்ஸ்தான் அவர் வீட்டு அடுப்பு, அதுவே போகலாம். இன்னொருவருடைய காருக்குப் பெயின்ட் அடிக்க ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைக்கும் இந்தப் பொய்யின் மீது எனக்குத் துளியும் இரக்கம் கிடையாது. உனக்கும் இருக்கக்கூடாது.

அந்த டிரைவரைத் தனியாக அழைத்துப் பேசு. மிரட்டாதே. எங்கே திரும்பினீர்கள், எந்தக் கை கண்ணாடியில் பட்டது, இறங்கியதும் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேள். ஓட்டாதவருக்கு அந்த விவரங்கள் தெரியாது. தயங்கினால், இந்தக் கையெழுத்தால் அவருக்கு என்னென்ன வரும் என்று சொல்லிவிடு. பிறகு ஓனரிடமும் நேராகச் சொல்: கிளைமை வாபஸ் வாங்கிக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். வேறொருவர் பெயரில் ஆகியிருந்தால் இன்றே வக்கீலைப் பார்த்து உண்மையைப் பதிவுசெய்யுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் பாடு. பார்த்ததை ரிப்போர்ட்டில் எழுதுவது உன் பாடு.

நம் பக்கமும் நேர்மை வேண்டும். நமக்கு ஃபீஸ் தருவது கம்பெனி. மாதக் கடைசியில் ஒரு மேனேஜர் போன் செய்து, "ஏதாவது பாயின்ட் கிடைக்குமா பாருங்க" என்பார். ஒர்க்ஷாப் முதலாளி தீபாவளிக்கு ஒரு கவரை நீட்டுவார். இரண்டையும் ஒரே மாதிரி மறுத்துவிடு. சர்வேயர் ரிப்போர்ட் இறுதி வார்த்தை அல்ல என்று 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் வாக்குவாதம் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. மறுக்க வழி தேடி நீ எழுதுகிறாய் என்று ஊரில் பேர் வந்துவிட்டால், பிறகு யாரும் உன்னிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். கிளைம் ஃபார்மை ஒர்க்ஷாப்பில் நிரப்பித் தருவார்கள். விபத்து நடந்த விதம் என்ற இடத்தில், நாய் குறுக்கே வந்தது என்று எல்லா வண்டிக்கும் ஒரே வரி இருக்கும். அதை ஏற்காதே. நடந்ததை அவர் கைப்படத் தமிழில் எழுதட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம் என்று சொல். அது பலருக்குத் தெரியாது. எழுதத் தெரியாதவருக்கு நீ எழுதினால், வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கு. ஆரம்பத்தில் எழுதும் ரிப்போர்ட்டுகளைப் பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்பு. கணக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த ஒரு பத்தியைப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்