படிக்க வருகிற மகளுக்கு

ஸ்தோவ்னர், ஒஸ்லோ

அன்பு மகளுக்கு,

ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்ததை உன் அப்பா தொலைபேசியில் சொன்னான். பெரியம்மா உடனே சாமித்தட்டில் விளக்கேற்றிவிட்டா. அவன் கடைசியாக ஒரு வார்த்தையும் சொன்னான்: “எப்படியாவது உள்ளுக்கு வந்திட்டால் காணும் அண்ணை, பிறகு பிள்ளை சமாளிப்பாள்.” அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு நேரே எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவன் அப்படி நினைப்பதில் வியப்பில்லை, எங்களைப் பார்த்து வளர்ந்தவன். 1956 இல் இங்கே வந்த அந்தோனி ராஜேந்திரம், பிறகு யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கியவர், அவர் போட்ட பாதையில்தான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாங்கள் நோர்வேயின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர்களாக வந்தோம். அந்தப் பள்ளிகளில் பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. ஒரு வருடம் தங்கிப் பாட்டு, தச்சு வேலை, பனிச்சறுக்கு, நோர்வேஜிய மொழி என்று பழகுகிற இடங்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்களுக்கு அது உயிரோடு வெளியேறுகிற வாசல். அந்த வருடம் முடிந்ததும் பலர் வடக்கே ஃபின்மார்க் மாகாணத்துக்குப் போய் வார்டோவிலும் போட்ஸ்ஃபியூரிலும் மீன் வெட்டினார்கள். படிப்பு எங்களுக்கு ஒரு சாட்டு. அன்றைய நிலைமையில் அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் நீ அந்தச் சாட்டோடு வரக்கூடாது. படிப்புக்காகவே வா. மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் காசு. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கும் இங்கே அரச பல்கலைக்கழகங்களில் படிப்பு இலவசம் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது 2023 இலையுதிர்காலத்தோடு முடிந்தது. இப்போது கல்விக் கட்டணம் உண்டு, அது பாடத்துக்குப் பாடம் மாறும். அதற்கு மேலாக, வதிவிட அனுமதிக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவு உன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். அது ஒன்றரை லட்சம் குரோனருக்கு மேல். தொகை வருடா வருடம் ஏறுவதால் குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தில் நீயே பார், முகவர் சொல்வதை நம்பாதே. யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. அனுமதியை அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது காசையும் படிப்பில் முன்னேற்றத்தையும் மறுபடி கேட்பார்கள். அப்போது கைமாற்றுக் காசு எங்கே இருக்கும்? இரண்டு வருடத்துக்கும் கணக்குப் போட்டுப் பார். போதவில்லை என்றால் இந்த முறை வராதே. இடம் கிடைத்த பெருமைக்காகக் காணியை ஈடு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதை உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யச் சட்டம் விடுகிறது, விடுமுறையில் முழுநேரம். ஆனால் அந்த வேலையை நம்பிக் கட்டணம் கட்டத் திட்டம் போடாதே. நோர்வேஜிய மொழி தெரியாதவளுக்கு முதல் வருடம் கிடைப்பது பெரும்பாலும் துப்புரவு வேலைதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, நானும் செய்தேன். விடியக் காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவள் பத்து மணி விரிவுரையில் தூங்குவாள், அதுதான் எனக்குக் கவலை. அந்த நேரத்தில் ஒரு பகுதியை மொழிக்குக் கொடு. பல்கலைக்கழகமே வெளிநாட்டு மாணவர்களுக்கு மொழி வகுப்பு நடத்துகிறது. பதிவு திறந்தவுடன் பெயரைக் கொடு. படிப்பு முடிந்தபின் தகுதிக்கேற்ற வேலை தேடுவதற்கு அனுமதி கேட்கலாம். அப்போது மொழி தெரிந்தவளுக்கும் தெரியாதவளுக்கும் உள்ள தூரம் உனக்கே தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். கலாநிதிப் பட்டம் இங்கே ஒரு வேலை. விண்ணப்பித்துத் தெரிவானால் மாதச் சம்பளத்தோடு பல்கலைக்கழக ஊழியராக மூன்று, நாலு வருடம் ஆராய்ச்சி செய்யலாம். காசு தடையாக இருந்தால் முதுமாணியைப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ முடித்துவிட்டு அந்தப் படியில் வா. அதை யாரும் பின்வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை.

நீ எங்கள் வீட்டில் தங்க வேண்டும் என்று உன் அம்மா கேட்டா. வேண்டாம் மகள். மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு இப்போதே விண்ணப்பி, கிரிங்ஷோ அல்லது சொங்ன். இரண்டும் பல்கலைக்கழகத்தின் பிளின்டேர்ன் வளாகத்துக்குக் கிட்ட. எங்கள் வீட்டில் இருந்தால் சோறும் கறியும் கிடைக்கும், கூடவே கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் கிடைக்கும். படிக்கிற பிள்ளைக்கு மாலை நேரம் மிஞ்சாது. விடுதியில் ஒரு குசினியை நாலைந்து பேரோடு பங்குபோட்டால்தான் இந்த நாடு உனக்குப் பிடிபடும். ஐந்தாம் இலக்க ரயில் கிரிங்ஷோவிலிருந்து நேரே ஸ்தோவ்னருக்கு வருகிறது, மாறி ஏற வேண்டியதில்லை. சனி, ஞாயிறு ஓடி வா. அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம், அம்மேரூட் சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போகலாம். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கம்சி குணரட்ணம் 2015 இல் இந்த நகரத்தின் துணை மேயரானார், 2021 இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். தமிழ்ச் சமூகத்தின் பிள்ளையாக இருந்துகொண்டே ஊர் முழுக்கப் புழங்கியவர் அவர்.

வகுப்பில் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ‘சேர்’ வேண்டாம். ஆரம்பத்தில் நாக்கு கூசும், பழகிவிடும். அவர் சொன்னதை மறுத்துக் கேள்வி கேட்டால் அவருக்குச் சந்தோஷம். பேசாமல் இருந்தால் மரியாதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வாசிக்காமல் வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து படிக்கிற குழுக்கள் இருக்கும். யாரும் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, நோர்வேக்காரர் கூச்ச சுபாவம். நீயே கேள். மதியம் அவர்கள் தாளில் சுற்றிய பாணோடு உட்காரும் மேசையில் உன் சோற்றுப் பெட்டியோடு போய் இரு. புள்ளி குறைந்தால் காரணம் கேட்கவும் மேன்முறையீடு செய்யவும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் மறுபடி திருத்தும்போது புள்ளி இறங்கவும் கூடும்.

இதைக் கவனமாக வாசி. 2024 ஜனவரியில் இந்த நாட்டின் உயர்கல்வி அமைச்சர் சாண்ட்ரா போர்க் பதவி விலகினார். 2014 இல் அவர் எழுதிய முதுமாணி ஆய்வேட்டில் பிறருடைய வரிகள் மூலம் சொல்லாமல் இருந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டவர் ஒரு மாணவர். தான் முன்பு எழுதித் தவறிய பரீட்சையின் சொந்த வரிகளையே மறுபடி பாவித்த ஒரு மாணவியின் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது அதே அமைச்சுத்தான். சில மாதத்தில் சுகாதார அமைச்சர் இங்வில் ஷேர்கோலின் முதுமாணிப் பட்டமும் ரத்தானது, அவரும் பதவியிழந்தார். அமைச்சர்களுக்கே இந்தக் கதி என்றால் உனக்கு யார் சலுகை தருவார்கள்? நாங்கள் ரியூஷனில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். அந்தக் கை இங்கே ஆபத்து. குறிப்பெடுக்கும்போதே நூலாசிரியர் வரி எது, உன் வரி எது என்று பிரித்து எழுது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எந்த அளவுக்குப் பாவிக்கலாம் என்று ஒவ்வொரு பாடத்திலும் முதல் நாளே கேட்டுக்கொள்.

குளிரைப் பற்றி எல்லாரும் பயப்படுத்துவார்கள். கம்பளி உள்ளாடையும் நல்ல சப்பாத்தும் இருந்தால் அது ஒன்றுமில்லை. இருட்டுத்தான் கடினம். டிசம்பரில் ஒன்பது மணிக்குப் பிறகு விடிந்து மூன்றரைக்கு முன் பொழுது பட்டுவிடும். வெளிச்சம் இருக்கும்போது வெளியே நட, இவர்களைப் போல மீனெண்ணெய் குடி. அழுகை வந்தால் ஒளிக்காமல் எங்களுக்குச் சொல். மாணவர் நல அமைப்பிலும் உளநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023 இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் விண்ணப்ப அலுவல்களுக்குக் கூடுதல் காலம் வை. பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள் எல்லாம் மூலப் பிரதியாக, ஆங்கில மொழிபெயர்ப்போடு, கைப்பையில் வரட்டும். வந்தவுடன் பொலிஸில் பதிவு. அடையாள இலக்கம் வரும் வரைக்கும் வங்கிக் கணக்கும் குடும்ப வைத்தியரும் இழுபடும், பொறுமையாக இரு. குளிர் உடுப்பைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கரைக்காதே, இங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்லது கிடைக்கும். நெய், பால்மா, இறைச்சி ஒன்றும் பெட்டியில் வைக்க வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். மிளகாய்த்தூள் கொண்டு வரலாம், பெரியம்மா இரண்டு கிலோ கேட்கிறா. விமானச் சீட்டுப் போட்டதும் திகதியை அனுப்பு. விடுதி விஷயத்தை அம்மாவோடு நானே கதைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா