நீட் பரீட்சையும் இலக்கெண்ணும்

மருத்துவம் பயில விரும்பும் செஞ்சி மாணாக்கர் நீட் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யுங்கால் முதற்கண் கேட்பது, "எத்தனை மதிப்பெண் வேண்டும்?" என்பதே. விடை கூறுவோர் பலர். அவருட் பெரும்பாலார் தேர்ச்சியெண்ணையும், இடம் கிடைக்கும் எண்ணையும் ஒன்றெனவே மயங்குகின்றனர்.

2025-ஆம் ஆண்டில் பொதுப்பிரிவினர்க்குரிய தேர்ச்சியெண் 720-க்கு 144. அதனைப் பெற்றவர் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் உரிமை பெற்றாரேயன்றி, முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றாரல்லர். புறமதிலின் வாயிலைக் கடந்தவர் இராஜகிரியின் உச்சியை அடைந்தவராகார் என்பதை நம்மூரார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று, மதிப்பெண் ஆண்டுதோறும் நிலையாக நிற்பதன்று. 2024-இல் முழு 720-ஐயும் பெற்றோர் பலர் இருந்தனர். பொதுப்பிரிவின் தேர்ச்சியெண் 162 ஆயிற்று. 2025-இல் வினாத்தாள் கடினமாயிருந்தமையால் முதல்வர் பெற்றதே 686. முன்னாண்டின் எண்ணை மனத்திற் கொண்டு 2025-இல் எழுதிய மாணவன், தோற்றோம் என்றே எண்ணி மண்டபத்தினின்று வெளிவந்திருப்பான். ஆதலின் மதிப்பெண்ணைவிட வரிசையெண்ணையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும். மாநிலத் தேர்வுக்குழு வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியல்களில், தம் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் வரிசையெண்ணையும் மதிப்பெண்ணையும் மூன்றாண்டுகட்குப் பார்த்து, அம்மதிப்பெண்களுள் உயர்ந்ததனோடு இருபது கூட்டிக்கொள்வது நம் அபிப்பிராயத்தில் தக்கதாம்.

தம் பிரிவு என்றது ஈண்டு முக்கியம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்றுக்கு 7.5 இடங்கள் உள்ளொதுக்கீடாக உள்ளன. அவர்க்குத் தனிப் பட்டியலும் உண்டு. பொதுப்பட்டியலின் எண்ணைக் கேட்டுவிட்டு, "நமக்கெட்டாது" என்று புத்தகத்தை மூடிவிடும் அரசுப்பள்ளி மாணவி, தனக்குரியதல்லாத அளவுகோலால் தன்னை அளந்தவளாவாள். இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

இனி எண்ணைப் பகுத்தல். வினாக்கள் 180, உயிரியலில் 90, பௌதிகத்திலும் இரசாயனத்திலும் 45 வீதம். சரியான விடைக்கு 4. தவறானதற்கு 1 குறையும். இலக்கு 500 எனக் கொள்வோம். உயிரியலில் 75, இரசாயனத்தில் 30, பௌதிகத்தில் 25, ஆக 130 சரியாயின் 520. இருபது தவறாயின் 500. முப்பது வினாக்களைத் தொடாமலே விடலாம்! இக்கணக்கைக் கண்ட மாணாக்கர்க்குப் பாதி அச்சம் தீர்வதை நாம் அறிவோம்.

அம்முப்பதையும் குருட்டாம்போக்கில் குறித்தால் என்னவென்பார் சிலர். நான்கில் ஒன்று பலிக்குமெனின் சராசரியாக ஏழெட்டு மதிப்பெண் சேரும்; நான்கே பலித்தாலோ பத்து குறையும். ஆனால் நான்கு விடைகளுள் இரண்டைத் தவறென்று தள்ள வல்லார்க்கு அதே முப்பது வினாக்கள் சராசரியாக 45 தரும். ஆகவே பயிற்சியின்போது விடையைத் தேடுவதோடு, ஏனைய மூன்றும் ஏன் பொருந்தா என்பதையும் எழுதிப் பழகுக.

பழைய வினாத்தாள்களை 180 நிமிஷ அளவில் எழுதிப் பார்க்குங்கால், தாம் பெற்ற உயர்ந்த எண்ணைக் கணக்கிற் கொள்ளற்க. இறுதி மூன்றின் சராசரியே தம் இன்றைய நிலை. இலக்கிற்கும் அதற்குமுள்ள இடைவெளியை மும்மூன்று வாரங்கட்கொருமுறை குறித்து வருக.