கறுப்புப் பட்டை போதாது

சட்ட உதவி மையத்தின் கணினிகள் உங்கள் பொறுப்பா? கட்சிக்காரர் பெயர்மேல் கறுப்புப் பட்டை இழுத்து பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள். அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனு இப்படித்தான் அம்பலமானது. பெரிய வக்கீல்களுக்கே அந்தக் கதி!

மென்பொருளில் ‘ரிடாக்ட்’ வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மறைத்த பக்கத்தை அச்செடுத்து, எழுத்து தெரியவில்லை என்று பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பழைய வழிதான், நம்பலாம். கோப்பின் பெயரையும் கவனியுங்கள்: உள்ளே மறைத்தது ‘முருகன்_ஜீவனாம்சம்’ என்று வெளியே பல்லிளிக்கும். அனுப்புமுன் கட்சிக்காரர் பெயரைக் கோப்புக்குள் தேடிப் பாருங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பென்றால் தேடல் கைகொடுக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.